1797: தங்கமும் நின்றது, கப்பலும் நின்றது

சென்ற இதழ் நின்ற இடம் அயர்லாந்தின் பான்ட்ரி விரிகுடா. 1796 டிசம்பரின் கடைசி நாட்களில் ஜெனரல் ஓஷின் பிரெஞ்சுப் படை, சுமார் 15,000 பேர், கரை கண்ணுக்குத் தெரிந்தும் இறங்க முடியாமல் புயலில் சிதறித் திரும்பியது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை வழிமறிக்கவே இல்லை. தடுத்தது காற்றுதான். 1797 பிறந்தபோது லண்டன்காரர்களுக்கு நிம்மதியைவிடத் திகில்தான் அதிகம் இருந்தது. அடுத்த முறையும் காற்று தங்கள் பக்கமே வீசும் என்று யார் சொல்ல முடியும்?

ஐரோப்பாவிலும் ஆதரவுக்கு ஆள் இல்லை. 1793 பிப்ரவரியில் பிரான்ஸ் போர் தொடுத்தபோது பிரிட்டனோடு தோள் சேர்ந்து நின்ற அரசுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பிரஷ்யா 1795-இலேயே சமாதானம் செய்துகொண்டது. ஹாலந்து பிரெஞ்சுக்காரர் பிடிக்குள் போய், அவர்கள் பக்கமே கப்பல் ஓட்டத் தொடங்கிவிட்டது. 1796 அக்டோபரில் ஸ்பெயினும் எதிரணியில் சேர்ந்தது. மிச்சமிருந்த ஆஸ்திரியாவை வட இத்தாலியில் போனபார்ட் என்ற 27 வயதுத் தளபதி விரட்டிக்கொண்டிருந்தார்.

பிரதமர் வில்லியம் பிட்டுக்கு அப்போது 37 வயது. பிரதமராகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் கையில் இருந்த ஆயுதங்கள் இரண்டே. ஒன்று, கடற்படை. மற்றொன்று, கேட்ட நேரத்தில் கடன் கிடைக்கும் என்ற லண்டன் பணச்சந்தையின் பெயர். முந்தைய போர்களில் எல்லாம் பிரிட்டனைக் காப்பாற்றியவை இவைதான். அந்த ஆண்டு, இரண்டு மாத இடைவெளியில், இரண்டுமே வேலைசெய்ய மறுத்துவிட்டன.

பிப்ரவரி 14-ஆம் தேதி போர்ச்சுகல்லின் தென்மேற்கு முனையான செயின்ட் வின்சென்ட் முனைக்கு அப்பால் அட்மிரல் சர் ஜான் ஜெர்விஸ் 15 போர்க்கப்பல்களோடு ஸ்பெயினின் 27 கப்பல்களை எதிர்கொண்டார். எதிரிப் படையில் சான்டிசிமா திரினிதாத் இருந்தது. நான்கு பீரங்கித் தளங்களோடு அன்றைய உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல். சண்டை நடுவில், 'கேப்டன்' என்ற கப்பலில் இருந்த கொமடோர் ஹொரேஷியோ நெல்சன் உத்தரவுக்குக் காத்திராமல் வரிசையை விட்டு விலகி எதிரியின் குறுக்கே போய் நின்றார். சான் நிகோலாஸ் கப்பலில் தாவி ஏறிப் பிடித்தார். பிடித்த கையோடு, அதன் மேல்தளத்தையே பாலமாக்கி, அதோடு சிக்கிக்கிடந்த சான் ஹோசே கப்பலுக்கும் தாவினார். நான்கு கப்பல்கள் பிடிபட்டன. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தச் செய்தி லண்டனை எட்டியது மார்ச் 3-ஆம் தேதி. இடையில் போன பதினேழு நாட்களில் அந்த நகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் அடி வேல்ஸிலிருந்து வந்தது. பிப்ரவரி 22-ஆம் தேதி ஃபிஷ்கார்ட் என்ற சிறு துறைமுகத்துக்கு அருகே, கேரக்வாஸ்டட் முனையில், நான்கு பிரெஞ்சுக் கப்பல்கள் இரவோடு இரவாகச் சுமார் 1,400 பேரை இறக்கிவிட்டன. படைத்தலைவர் வில்லியம் டேட் என்ற அமெரிக்கர். படையின் பெயர் கறுப்புப் படையணி. 1795-இல் கீபரானில் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்த சிவப்புச் சீருடைகளையே கறுப்பும் பழுப்புமாகச் சாயம் தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். ஆட்களில் பாதிக்குமேல் சிறைகளிலிருந்து திரட்டி வந்தவர்கள். பிரிஸ்டலில் இறங்கி அந்த ஊரைக் கொளுத்த வேண்டும் என்பது முதல் திட்டம். காற்று ஒத்துவராததால் வேல்ஸில் இறங்கினார்கள்.

இறங்கியவர்களுக்குப் புரட்சியைவிடப் பசிதான் பெரிதாக இருந்தது. சில வாரங்களுக்கு முன் அந்தக் கரையில் உடைந்துபோன ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் ஒயின், ஊரில் ஏறக்குறைய வீட்டுக்கு வீடு பதுங்கியிருந்தது. கறுப்புப் படையணி கோழியைப் பிடித்தது, வாத்தைப் பிடித்தது, ஒயினைக் குடித்தது. பிரெஸ்ட்கார்ன் என்ற பண்ணை வீட்டில் போதையில் இருந்த ஒரு சிப்பாய், நெடுங்கடிகாரத்தின் டிக்-டிக் சத்தத்தை எதிரி என்று நினைத்துச் சுட்டான். குண்டு துளைத்த அந்தக் கடிகாரம் ஊர்ப் பெருமையாகவே ஆகிவிட்டது. ஜெமைமா நிக்கலஸ் என்ற செருப்புத் தைக்கும் பெண் வைக்கோல் கவையை ஏந்திப் பன்னிரண்டு பேரைத் தனியாளாகப் பிடித்து வந்தாள் என்பது ஊர்க்கதை. சிவப்புப் போர்வை போர்த்திய வேல்ஸ் பெண்கள் குன்றின்மேல் திரண்டதைப் பார்த்து, பட்டாளம் வந்துவிட்டது என்று பிரெஞ்சுக்காரர் பயந்தார்கள் என்பது இன்னொன்று. இவற்றில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது என்பதை ஃபிஷ்கார்டுக்காரர்களோடு வாதாடுவது வீண். கப்பல்கள் திரும்பிப் போய்விட, லார்ட் காடர் திரட்டிய சில நூறு உள்ளூர்ப் படையினரிடம் பிப்ரவரி 24-ஆம் தேதி குட்விக் மணல்வெளியில் டேட்டின் ஆட்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். பிரிட்டன் மண்ணில் அயல்படை இறங்கிய கடைசித் தடவை அது. மொத்தம் இரண்டு நாள்.

கேலிக்கூத்து என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் செய்தி பரவியபோது அது சரணடைந்த செய்தியாகப் பரவவில்லை. பிரெஞ்சுக்காரன் இறங்கிவிட்டான் என்றுதான் பரவியது.

பணத்தைப் பற்றிய பயம் அதற்கு முன்பே வட இங்கிலாந்தில் தொடங்கியிருந்தது. நியூகாசிலைச் சுற்றியிருந்த விவசாயிகள் விளைச்சலையும் கால்நடையையும் வந்த விலைக்கு விற்று, கையில் இருந்த உள்ளூர் வங்கி நோட்டுகளைத் தங்கமாக மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். உள்ளூர் வங்கிகள் தாக்குப்பிடிக்காமல் லண்டனைக் கேட்டன. லண்டன் வங்கிகள் எல்லாம் திரேட்நீடில் தெருவில் இருந்த இங்கிலாந்து வங்கியைக் கேட்டன. அந்தப் பெட்டகமோ ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியாவுக்குப் போர் உதவி, வெளிநாட்டில் படைச் செலவு, தானிய இறக்குமதி, எல்லாவற்றுக்கும் மேல் பிட் கேட்டுக்கொண்டே இருந்த முன்பணம். வங்கியின் இயக்குநர்கள் 1795 முதலே எச்சரித்து வந்தார்கள். பிட் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு மறுபடியும் கேட்டார். 1797 பிப்ரவரி கடைசியில் கையிருப்புத் தங்கம் பத்துப் பன்னிரண்டு லட்சம் பவுண்டு அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த வேகத்தில் போனால் சில நாட்களில் பெட்டகம் காலி.

பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் விண்ட்சரிலிருந்து வரவழைக்கப்பட்டார். பிரிவி கவுன்சில் கூடி, நாடாளுமன்றம் முடிவெடுக்கும் வரை வங்கி தங்கம் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது. திங்கட்கிழமை காலை நோட்டும் கையுமாக வந்தவர்கள் வாசலில் அந்த அறிவிப்பைப் படித்தார்கள். நோட்டைக் கொடுத்தால் தங்கம் தருகிறோம் என்று அச்சடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்த வங்கி, அரசு சொல்லிவிட்டது, தரமாட்டோம் என்றது.

அன்றே லண்டன் வணிகர்கள் மேயர் மாளிகையில் கூடினார்கள். அந்த ஆண்டின் மேயர் புரூக் வாட்சன். பதினான்கு வயதில் ஹவானா துறைமுகத்தில் நீந்தும்போது சுறாவிடம் ஒரு காலைப் பறிகொடுத்தவர். அந்தக் காட்சியை ஓவியர் கோப்லி வரைந்து அது 1778-இலேயே புகழ்பெற்றிருந்தது. கட்டைக்கால் மேயரின் மாளிகையில் ஒரு தீர்மானம் எழுதப்பட்டது: வங்கி நோட்டுகளை நாங்கள் மறுக்காமல் வாங்குவோம், எங்கள் கொடுக்கல் வாங்கலிலும் நோட்டாகவே கொடுக்க முயல்வோம். ஆயிரக்கணக்கான வணிகர்கள் கையெழுத்திட்டார்கள். தேசபக்தி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வங்கி விழுந்தால் முதலில் நசுங்குவது அவர்கள்தான். எதுவானாலும் அந்தக் கையெழுத்துகள் வேலைசெய்தன. தங்கம் நின்ற பிறகும் லண்டனில் வியாபாரம் நிற்கவில்லை. சில வாரங்களுக்கு என்று தொடங்கிய இந்தத் தற்காலிக ஏற்பாடு 1821 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது.

சில்லறைதான் பெரும் தலைவலி. அதுவரை ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டே கிடையாது. ஒரு சாதாரணத் தொழிலாளியின் கைக்கு வங்கி நோட்டு வரவேண்டிய தேவையே இருந்ததில்லை. இப்போது அவசர அவசரமாக ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகள் அச்சாகின. வெள்ளிக்கு வழி? பெட்டகத்தில் கிடந்த ஸ்பானிய டாலர்களை எடுத்து, ஸ்பெயின் மன்னரின் கழுத்தில் ஜார்ஜ் மன்னரின் சின்னஞ்சிறு தலையை முத்திரையாகக் குத்தி வெளியிட்டார்கள். யாரோடு போர் நடந்துகொண்டிருந்ததோ அந்த நாட்டு ராஜாவின் முகம் லண்டன் கடைகளில் புழங்கியது. மதிப்பு 4 ஷில்லிங் 9 பென்னி. ஐந்து ஷில்லிங் நாணயத்தின் பெயர் கிரவுன், அதாவது கிரீடம். ராஜாக்கள் இரண்டு பேர் தலை கொடுத்தும் ஒரு கிரீடத்துக்குத் தேறவில்லையே என்று ஊர் சிரித்தது. கள்ள முத்திரை பெருகியதால் அந்த டாலர்களை அந்த ஆண்டே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

செம்பு நாணயத்தில் மட்டும் உருப்படியான ஒரு காரியம் நடந்தது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தால் அச்சிட்ட பென்னியும் இரண்டு பென்னியும் வெளிவந்தன. பென்னி ஒரு அவுன்ஸ் எடை, இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ். மக்கள் அதை வண்டிச்சக்கரம் என்றார்கள். பத்து நாணயம் பையில் போட்டால் பை கிழிந்துவிடும். ஆனால் கள்ள நாணயக்காரனுக்கு அதில் லாபம் இல்லை.

நோட்டில் அவனுக்கு லாபம் இருந்தது. புதிய சின்ன நோட்டுகள் எளிய அச்சில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையிலும் புழங்கின. கள்ள நோட்டுக்குத் தண்டனை தூக்கு. 1797-க்கும் 1821-க்கும் இடையில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குற்றத்துக்காகத் தூக்கில் தொங்கினார்கள். பெரும்பாலும் ஏழைகள். தங்கம் தருகிறேன் என்று அச்சடித்துவிட்டுத் தராத வங்கிக்கு ஒரு தண்டனையும் இல்லை. அதே காகிதத்தை நகலெடுத்தவனுக்குக் கயிறு. இந்தக் கணக்கைக் கேலிச் சித்திரக்காரர்கள் விடவில்லை. ஜேம்ஸ் கில்ரே மே மாதம் வரைந்த படத்தில், நோட்டுகளையே கவுனாக உடுத்த ஒரு கிழவி பணப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அலறுகிறாள். காதலன்போல் கொஞ்சுகிற பாவனையில் பிட் அவள் பையில் கைவிடுகிறார். திரேட்நீடில் தெருக் கிழவி என்று இங்கிலாந்து வங்கிக்கு இன்றும் இருக்கும் செல்லப்பெயர் அந்தப் படத்தோடு நிலைத்ததுதான்.

கடன் பத்திரம் வைத்திருந்தவர்களிடமும் நோட்டு வைத்திருந்தவர்களிடமும் அரசு இவ்வளவு தூரம் கெஞ்சிக் கூத்தாடியது. அதே அரசு இன்னொரு கூட்டத்துக்கும் கடன்பட்டிருந்தது. அவர்களிடம் பேசக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

கடற்படை மாலுமியின் சம்பளம் 1650-களில், குரொம்வெல் காலத்தில் நிர்ணயித்தது. தேர்ந்த மாலுமிக்கு 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளாக ஒரு பென்னிகூட ஏறவில்லை. விலைவாசி ஏறியது, வணிகக் கப்பலில் போர்க்காலக் கூலி பல மடங்கு ஏறியது, 1795-இல் தரைப்படைக்கும் கொஞ்சம் ஏறியது. கடற்படைக்காரன் மட்டும் தாத்தாவின் தாத்தா வாங்கிய சம்பளத்தையே வாங்கினான், அதையும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் பாக்கிவைத்து. காயம்பட்டுப் படுத்தால் சம்பளம் வெட்டு. கப்பலின் பண்டசாலைக்காரருக்கு ஒரு பவுண்டு என்றால் 14 அவுன்ஸ். சேதாரத்துக்கு என்று இரண்டு அவுன்ஸை எடுத்துக்கொள்வார். துறைமுகத்துக்குத் திரும்பினாலும் கரையிறங்க அனுமதி இல்லை. தெருவில் பிடித்து இழுத்துவரப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்த கப்பலில், இறக்கிவிட்டால் ஓடிவிடுவார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பதினொரு கப்பல்களிலிருந்து மனுக்கள் போயின. மாலுமிகள் நம்பிக்கை வைத்திருந்த முதிய அட்மிரல் லார்ட் ஹௌவுக்கு அவை அனுப்பப்பட்டன. கறுப்பு டிக் என்று அவர்கள் அவரைச் செல்லமாக அழைப்பார்கள். கீல்வாதத்தோடு பாத் நகரில் ஓய்வில் இருந்த ஹௌ மனுக்களைப் பார்த்தார். கையெழுத்து இல்லை; எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் தெரிந்தது. கடற்படைத் தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் மடித்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு. போர்ட்ஸ்மத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட்டில் நின்ற ஆங்கிலக் கால்வாய்க் கடற்படைக்கு அட்மிரல் பிரிட்போர்ட் புறப்பட உத்தரவு கொடுத்தார். யாரும் நங்கூரத்தை எடுக்கவில்லை. மாலுமிகள் கயிற்றேணிகளில் ஏறி நின்று ஆரவாரம் செய்தார்கள். பதினாறு கப்பல்கள், கப்பலுக்கு இரண்டு பேராக 32 பிரதிநிதிகள். கூட்டம், ஹௌவின் பழைய தலைமைக் கப்பலான குயின் ஷார்லட்டில், அட்மிரலின் அறையிலேயே. முன்னின்றவர்களில் ஒருவர் ராயல் ஜார்ஜ் கப்பலின் வேலன்டைன் ஜாய்ஸ்.

இந்தக் கலகத்தில் வியப்பது அதன் ஒழுங்கை. அதிகாரிகளுக்கு மரியாதை குறையக்கூடாது என்பது பிரதிநிதிகளின் கட்டளை. குடித்துவிட்டு ரகளை செய்தவனுக்கு அவர்களே தண்டனை கொடுத்தார்கள். வணிகக் கப்பல்களுக்குத் துணைபோகும் சிறு போர்க்கப்பல்களை அவர்கள் நிறுத்தவில்லை. பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியே வந்தால் உடனே புறப்பட்டுச் சண்டை போடுவோம், அதன்பின் திரும்பி வந்து பேசுவோம் என்றார்கள். கேட்டது என்ன? சம்பள உயர்வு, பதினாறு அவுன்ஸ் உள்ள பவுண்டு, துறைமுகத்தில் இருக்கும்போது காய்கறி, நோயாளிக்கு ஒழுங்கான கவனிப்பு, காயம்பட்டவனுக்குச் சம்பளம், வீட்டைப் பார்த்துவரக் கொஞ்சம் விடுப்பு. சவுக்கடியை ஒழிக்க வேண்டும் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை.

கடற்படை அமைச்சர் ஸ்பென்சர் பிரபு போர்ட்ஸ்மத்துக்கு ஓடிவந்தார். பேச்சு நடந்தது. நடுவில் அட்மிரல் கார்ட்னர் கோபத்தில் ஒரு பிரதிநிதியின் சட்டையைப் பிடித்து, ஐந்து பேருக்கு ஒருவரைத் தூக்கில் போடுவேன் என்று கத்தி எல்லாவற்றையும் கெடுத்தார். வாய்ச்சொல்லை நம்பமாட்டோம், மன்னரின் மன்னிப்பு எழுத்தில் வேண்டும் என்று மாலுமிகள் உறுதியாகிவிட்டார்கள். அது வந்தது, தேர்ந்த மாலுமிக்கு மாதம் ஐந்தரை ஷில்லிங் உயர்வு என்று முடிவாயிற்று. ஆனால் நாடாளுமன்றம் பணம் ஒதுக்கத் தாமதித்தது. திங்கட்கிழமை கொடுக்கிறேன் என்று இழுத்தடிக்கும் முதலாளியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. மே 7-ஆம் தேதி கலகம் மீண்டும் வெடித்தது. லண்டன் என்ற கப்பலில் அட்மிரல் கோல்பாய்ஸ் மாலுமிகளை அடக்க முயன்றபோது துப்பாக்கி வெடித்தது. மாலுமிகளில் சிலர் செத்தார்கள். சுட்ட லெப்டினன்ட் போவரின் கழுத்தில் சுருக்கு விழுந்துவிட்டது. உத்தரவு என்னுடையது என்று கோல்பாய்ஸ் முன்வந்து சொல்ல, போவரின் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்தார்கள். அடுத்த இரண்டு நாட்களில் நாடாளுமன்றம் அவசரம் அவசரமாகச் சட்டத்தை நிறைவேற்றியது.

கடைசியில் அனுப்பப்பட்டவர் கறுப்பு டிக்தான். 71 வயது, நோய் பிடித்த கால். ஒவ்வொரு கப்பலாகப் படகில் போய், ஏறி, பேசி, மன்னிப்பு ஆவணத்தைக் காட்டினார். வெறுக்கப்பட்ட அதிகாரிகள் பலர் திரும்பக் கப்பலேற மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். மே 15-ஆம் தேதி போர்ட்ஸ்மத்தில் விருந்து, வாத்தியம், ஊர்வலம். இரண்டு நாளில் கடற்படை புறப்பட்டது. ஸ்பிட்ஹெட்டில் ஒருவரும் தூக்கில் தொங்கவில்லை. உலகின் மிகப் பெரிய கடற்படையை ஒரு மாதம் நிறுத்திவைத்து, கேட்டதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, தண்டனை இல்லாமல் வேலைக்குத் திரும்பியவர்கள் அந்த மாலுமிகள். அந்த நூற்றாண்டில் இதற்கு நிகரான கூலிப் போராட்டம் இல்லை என்றே சொல்லலாம்.

தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் என்ற இடத்தில் நடந்தது வேறு கதை. அங்கே மே 12-ஆம் தேதி சாண்ட்விச் என்ற பழைய, நெரிசலான கப்பலில் கலகம் தொடங்கியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எக்ஸிடர்காரர் ரிச்சர்ட் பார்க்கர். முன்பு கடற்படையில் சிறு அதிகாரியாக இருந்து வெளியேற்றப்பட்டவர். கடனில் மூழ்கி, கிடைத்த ஊக்கத்தொகைக்காகச் சாதாரண மாலுமியாக மறுபடியும் சேர்ந்தவர். ஸ்பிட்ஹெட்டில் கிடைத்தது எல்லாம் நோருக்கும் உண்டு என்று அரசு சொல்லிவிட்டது. அதற்குமேல் கேட்டார்கள். அரசு மறுத்தது. ஜூன் 2 முதல் அவர்கள் தேம்ஸை மறித்து, லண்டனுக்குப் போகும் வணிகக் கப்பல்களை நிறுத்தினார்கள். நூறு பவுண்டு அரசுக் கடன் பத்திரம் சந்தையில் ஐம்பது பவுண்டுக்கும் கீழே போனது. ஸ்பிட்ஹெட்டுக்காரர்கள் எச்சரிக்கையாகத் தவிர்த்த தவறு இதுதான்: வயிற்றில் கைவைத்ததும் லண்டன் மக்களின் அனுதாபம் காணாமல் போயிற்று.

அரசு கரையை அடைத்து உணவையும் தண்ணீரையும் நிறுத்தியது. கலகக்காரர்களோடு தொடர்பு கொள்வதையே குற்றமாக்கியது. முகத்துவாரத்தின் மிதவைகளையும் அடையாளக் கம்பங்களையும் பிடுங்கியெடுத்தது. அவை இல்லாமல் அந்த மணல்திட்டுகளுக்கு நடுவே யாரும் கப்பலை வெளியே ஓட்ட முடியாது. கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கலகத்தின் செங்கொடியை இறக்கின. ஜூன் 30-ஆம் தேதி பார்க்கர் அதே சாண்ட்விச் கப்பலில் தூக்கிலிடப்பட்டார். ஏறக்குறைய முப்பது பேர் அந்தக் கலகத்துக்காக உயிரைக் கொடுத்தார்கள். பார்க்கரின் மனைவி ஆன், புதைத்த உடலை இரவில் தோண்டியெடுத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்; கூட்டம் திரளத் தொடங்கவே அதிகாரிகள் ஒயிட்சாப்பல் தேவாலயத்தில் அடக்கம் செய்ய வைத்தார்கள்.

நோரில் அதிகாரத்தை இழந்து கரையில் இறக்கப்பட்ட கப்பல் தலைவர்களில் ஒருவர் வில்லியம் பிளை. ஆம், 1789-இல் பௌண்டி கப்பலின் மாலுமிகள் நடுக்கடலில் படகில் இறக்கிவிட்ட அதே பிளை. ஒரு மனிதருக்கு ஒரு கலகம் போதாதா?

நோர்க் கலகம் யார்மத்தில் இருந்த வட கடல் படையையும் தொற்றியதால், ஹாலந்தை மறித்து நிற்க வேண்டிய அட்மிரல் ஆடம் டங்கனிடம் ஒரு கட்டத்தில் மிஞ்சியவை இரண்டே கப்பல்கள்: வெனரபிள், ஆடமென்ட். ஆறடிக்கும் மேல் வளர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். ஆடமென்டில் அவர் அதிகாரத்தை ஏற்க மறுத்த ஒருவனை ஒரே கையால் தூக்கிக் கப்பலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து தலைமையைப் பறிக்க வந்தவனைப் பாருங்கள் என்று மற்றவர்களைக் கேட்டாராம். கலகம் சிரிப்பில் முடிந்ததாம். அந்த இரண்டு கப்பல்களை வைத்துக்கொண்டு டெக்செல் தீவுக்கு எதிரே நின்றபடி, அடிவானத்துக்கு அப்பால் பெரும்படை நிற்பதுபோல் கொடிச் சைகைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே டச்சுக் கப்பல்கள் படையெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. சில வாரங்களில் அயர்லாந்துப் புரட்சியாளர் உல்ஃப் டோனும் அங்கே வந்து சேர்ந்து பொறுமையிழந்து காத்திருந்தார். காற்று இந்த முறையும் பிரிட்டன் பக்கமே இருந்தது; டச்சுக் கப்பல்கள் வெளியே வர முடியாதபடி மேற்கிலிருந்தே வீசியது. அது திரும்புவதற்குள் டங்கனின் கப்பல்கள் அவரிடம் திரும்பிவிட்டன.

கோடையும் இலையுதிர் காலமும் சாவுகளின் காலமாகக் கழிந்தன. ஜூலை 9-ஆம் தேதி எட்மண்ட் பர்க் இறந்தார். 1785-இல் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசி, ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கிய பேரழிவை லண்டன் நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தியவர் அவர்தான். அதே மாதக் கடைசியில் நெல்சன் கானரித் தீவுகளின் சாந்தா குரூஸைத் தாக்கி, தோற்று, வலது கையை இழந்தார். செப்டம்பர் 10-ஆம் தேதி, பெண்ணுரிமைக்கு வாதாடிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பிரசவக் காய்ச்சலில் 38 வயதில் இறந்தார். பதினொரு நாள் முன் பிறந்த அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஃபிராங்கன்ஸ்டைனை எழுதிய மேரி ஷெல்லி. ஸ்காட்லாந்தின் டிரனென்ட் கிராமத்தில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்த சுரங்கத் தொழிலாளர்கள்மேல் ஆகஸ்ட் 29-ஆம் தேதி குதிரைப்படை ஏவப்பட்டது. ஒரு டஜன் பேர் அளவில் பிணமானார்கள்.

ஃபிஷ்கார்ட் கிளப்பிய பயம் கவிஞர்களையும் விடவில்லை. சாமர்செட் கரையோரத்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் நோட்டுப் புத்தகத்தோடு ஓடைகளைப் பார்த்துத் திரிந்தார்கள். பக்கத்து ஊரில் நண்பர் கோல்ரிட்ஜ். வட இங்கிலாந்துப் பேச்சு, இரவு நடை, அரசை எதிர்க்கும் தெல்வால் அவர்களைத் தேடி வந்தது: போதாதா? உள்துறை, ஜேம்ஸ் வால்ஷ் என்ற ஒற்றரை ஆகஸ்டில் அனுப்பியது. பிடிக்க ஒன்றும் இல்லை. தத்துவஞானி ஸ்பினோசாவைப் பற்றித் தாங்கள் பேசியதை ஒற்றர் 'ஸ்பை நோசி' (மூக்கை நுழைக்கும் ஒற்றன்) என்று கேட்டு, தன்னைப் பற்றிப் பேசுவதாக எண்ணித் திடுக்கிட்டார் என்று கோல்ரிட்ஜ் பிற்பாடு எழுதினார். கோல்ரிட்ஜின் கதைகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 11-ஆம் தேதி டங்கனுக்குக் காத்திருந்த நாள் வந்தது. டச்சு அட்மிரல் டி வின்டரின் கடற்படை வெளியே வந்தது. கேம்பர்டவுன் கரைக்கு அருகே, ஆழம் குறைந்த கடலில், டங்கன் நேராகப் பாய்ந்து பதினொரு கப்பல்களைப் பிடித்தார். டி வின்டரும் கைதானார். பிரிட்டிஷ் பக்கம் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாலைந்து மாதம் முன் செங்கொடி ஏற்றிய அதே கப்பல்கள் பலவும் அதில் சண்டை போட்டன. பிளையும் தன் டைரக்டர் கப்பலோடு இருந்தார். சிறையில் கிடந்த கலகக்காரர்கள் பலருக்கு மன்னிப்பு வழங்க இந்த வெற்றி அரசுக்கு ஒரு சாக்கு ஆனது.

டிசம்பர் 19-ஆம் தேதி செயின்ட் பால் தேவாலயத்தில் நன்றி வழிபாடு. பிரெஞ்சு, ஸ்பானிய, டச்சுக் கொடிகளை மாலுமிகள் ஏந்திச் சென்றார்கள். மன்னர் போனார், பிரபுக்கள் போனார்கள். பிட்டின் வண்டியைப் பார்த்துக் கூட்டம் கூச்சலிட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஜூலையில் கடிகாரங்களுக்கு வரி போட்டிருந்தார். மக்கள் கடிகாரம் வாங்குவதை நிறுத்திவிட, கடிகாரத் தொழிலாளர் பட்டினி கிடந்தார்கள், மறு ஆண்டே அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. இப்போது வண்டி, வேலைக்காரர், ஜன்னல் என்று ஏற்கெனவே இருந்த வரிகளை மூன்று மடங்குக்கும் மேல் உயர்த்தும் மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தது. அதுவும் போதாமல் போய்த்தான் 1799-இல் வருமான வரி பிறந்தது.

வரி விஷயத்தில் இலங்கையும் அந்த ஆண்டு சும்மா இருக்கவில்லை. டச்சுக்காரரிடமிருந்து 1796-இல் பிடித்த கரையோரத்தைச் சென்னையிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டது. ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி, முதலியார்கள் எனப்பட்ட உள்ளூர்த் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, சென்னையிலிருந்து துபாஷிகளைக் கொண்டுவந்து வசூலில் இறக்கினார். தென்னை மரங்களுக்கு வரி போட்டார். கொழும்பைச் சுற்றிக் கலகம் மூண்டது. விசாரிக்க டி மியூரோன் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, வரியைத் திரும்பப் பெற்று, 1798-இல் அந்தக் கரையோரத்துக்கு மன்னர் நியமித்த ஆளுநரை அனுப்பினார்கள்.

அக்டோபரிலேயே ஆஸ்திரியாவும் கம்போ ஃபோர்மியோவில் பிரான்ஸோடு உடன்படிக்கை செய்துகொண்டது. எதிர்த்து நிற்க மிஞ்சியது பிரிட்டன் மட்டும். இங்கிலாந்துப் படை என்று பெயர் வைத்த ஒரு சேனைக்குப் போனபார்ட் தளபதியானார். 1798 பிப்ரவரியில் கால்வாய்க் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே கடக்க முடியாது, எகிப்து வழியாக அடிக்கலாம் என்றார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரியில், திப்பு சுல்தானின் தூதர்கள் மொரீஷியஸில் கரையிறங்கியிருந்தார்கள். ரகசியமாகப் பேசவேண்டிய உதவியை அந்தத் தீவின் பிரெஞ்சு ஆளுநர் மலார்ட்டிக் அறிவிப்பாக அச்சடித்து ஊரெங்கும் ஒட்டிவிட்டார். அதன் ஒரு பிரதி கல்கத்தாவில் புதிதாக வந்திறங்கிய கவர்னர் ஜெனரலின் கைக்குப் போய்ச் சேர்ந்த விதமும், அதை அவர் பயன்படுத்திக்கொண்ட விதமும் அடுத்த இதழில்.